ஒடிந்த ஊசியும் உலக வரலாறும்

பட்டம் சூட்டுபவர்கள் என்றோர் இனம் நம்மிடையே வாழ்கிறது. பல்லடம் பஸ்ஸில் உங்கள் பக்கத்து இருக்கையில் வருவார். அவிநாசி கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு உங்களுக்கு முன்னால் நிற்பார். பேக்கரியில் முட்டை பப்ஸைப் பிட்டபடி நாட்டில் யாரெல்லாம் தீவிரவாதி என்று முடிவு செய்வார். முடிவு செய்தபின் டீயை நிதானமாக ஊதிக் குடிப்பார்.

நல்ல மாதிரி வேண்டுமென்றால் மகுடேஸ்வரனைப் பாருங்கள். குழந்தைகளுக்கான பனியன் தைத்து ஏற்றுமதி செய்யும் யூனிட்டின் முதலாளி. சொல்லாமல் கரண்டை நிறுத்தும் ஊழியர், சாயத் தண்ணீரால் கிணறு கெட்டது என்று மனுக் கொடுத்த சேவூர் விவசாயி, தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பொங்கல் கழித்துத் திரும்பும் டெய்லர், டீக்கடை வாசலில் இந்தியில் சிரிக்கும் மூன்று பேர், மருமகனின் தாடி, எல்லாம் அவருடைய பட்டியலில் உண்டு. கொசுவையும் விட்டுவைக்கவில்லை.

அதற்காக அவரை விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இனத்தின் ஆபத்தே படித்திருப்பதுதான்.

"தீவிரவாதிங்கற வார்த்தை எங்க பொறந்துச்சுன்னு தெரியுமுங்களா?" என்று ஆரம்பிப்பார். தெரியும் என்றாலும் விடமாட்டார். பிரெஞ்சுப் புரட்சியில் தலைகளை வெட்டி அரசாங்கம் நடத்தியவர்களுக்குத்தான், அவர்கள் கவிழ்ந்த பிறகு, இந்தப் பெயர் முதலில் கிடைத்தது. பின்னால் ரஷ்யாவில் மன்னர்மேல் குண்டெறிந்தவர்கள் அதைத் தாங்களே பெருமையோடு சூடிக்கொண்டார்கள். பிறகு வெள்ளைக்காரன் நம் ஆட்களின் பெயருக்கு நேரே அதைத் தன் கோப்பில் எழுதினான். அவன் கப்பல் ஏறியதும் அதே ஆட்கள் தியாகிகளாகி, பென்ஷன் வாங்கி, தெருக்களுக்குப் பெயரானார்கள். இவ்வளவும் ஒரு பப்ஸ் தீர்வதற்குள். கேட்பவருக்குக் கண் திறக்கும். சொன்னவருக்கு?

சென்ற மாதம் அவர் யூனிட்டில் ஓர் ஊசி ஒடிந்தது.

தையல் ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினில் தைத்த பனியன் கட்டு வெளியே போகக் கூடாது. பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் விதி இது. மகுடேஸ்வரனே சுவரில் ஒட்டிவைத்தது. டெய்லர் சசிகுமார் ஒரு மணி நேரம் தேடினார். முனை மட்டும் கிடைக்கவில்லை. உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மெஷின் ரிப்பேர். வாசலில் லாரி.

"பேக் பண்ணீரு கண்ணு, போயிரும்," என்றார் மகுடேஸ்வரன்.

"முனை கெடைக்கலீங்க."

"ஆயிரம் பீஸ்ல எங்கயோ கெடக்குது. அங்க எவன் பாக்கறான்?"

"போடற கொழந்தைக்குத் தெரியுமுங்க."

சொல்லிவிட்டு சசிகுமார் கட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. லாரி காலியாகத் திரும்பியது.

அன்று மாலை யூனிட் முதலாளிகளின் வாட்ஸப் குரூப்பில் சசிகுமாரின் படம் வந்தது. கீழே ஒரே சொல்: தீவிரவாதி. அதையடுத்துக் கைகூப்பும் பொம்மை ஒன்று. எங்கள் பக்கம் மரியாதை குறையாது.

படம் குரூப்பிலிருந்து குரூப்புக்கு நடந்தது. பல்லடத்தில் ஓர் ஊசி நூறு ஊசியானது. அவிநாசியைத் தாண்டும்போது ஊசி மர்மப் பெட்டியாகிவிட்டது. எந்த யூனிட்டிலும் சசிகுமாருக்கு வேலை இல்லை. அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பழனாத்தாளும் வந்து நின்றார்.

"நீங்க தங்கமான மனுசருங்க. ஆனா பதினஞ்சாந் தேதிக்குள்ள ஊட்டைக் காலி பண்ணிக் குடுத்துருங்க. வெள்ளையடிக்கோணும்."

"அடிச்சதுக்கப்பறம் நாங்களே வந்தர்லாங்களா?" என்று கேட்டார் சசிகுமாரின் மனைவி சித்ரகலா.

"அப்பறம் மஞ்சள் அடிக்கோணுங்க."

சசிகுமார் மகுடேஸ்வரனைத் தேடி பேக்கரிக்கே போனார். "வேலை வேண்டாமுங்க. அந்த வார்த்தைய மட்டும் எடுத்துருங்க. ஊடு போயிருமுங்க."

மகுடேஸ்வரன் இளகிவிட்டார். ஒரு டீ சொன்னார். "இதுக்குப் போயி மனசு ஒடையலாமா கண்ணு? அந்த வார்த்தை எங்க பொறந்துச்சு தெரியுமா?" என்று தொடங்கி, பாரீஸைச் சுற்றி, ரஷ்யாவைக் கடந்து, பென்ஷனுக்கு வந்து சேர்ந்தார். "பாத்தியா, அர்த்தம் மாறிக்கிட்டே இருக்கும். ஒரு நாளைக்கு உன்னையவே தியாகிம்பாங்க."

"எத்தன நாளாகுமுங்க?"

மகுடேஸ்வரன் நேர்மையாக யோசித்தார். "அம்பது, அறுவது வருசமாகும்."

"பதினஞ்சாந் தேதிக்கு இன்னும் ஆறு நாள்தானுங்க இருக்குது."

அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. அங்கேயே செல்போனை எடுத்து அந்தப் படத்தை அழித்தார். அந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்தது. அதுவரை பார்க்காதவர்களும் என்ன செய்தி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள்.

இதுவரை மகுடேஸ்வரனைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. சசிகுமாருக்கு இன்னும் வீடு அமையவில்லை. அவர், சித்ரகலா, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள். மூன்றே பேர், சத்தமில்லாத குடும்பம். உங்கள் மாடி போர்ஷன் ஆடி மாதத்திலிருந்து பூட்டிக் கிடப்பது எனக்குத் தெரியும். நாளைக் காலையில் வரச் சொல்லட்டுமா?

யோசிக்கிறீர்கள். தவறில்லை, பெண்பிள்ளைகள் இருக்கும் வீடு. தெரிந்தவர்கள் ரெண்டு பேரிடம் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறீர்கள். விசாரியுங்கள். அவர்கள் எந்த சசிகுமார் என்று கேட்பார்களே, என்ன சொல்வீர்கள்?