நயினாவின் ஜீப்பை விற்ற விவரம்

புதூர்நாடு,
8-6-1981

பெங்களூரில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் அண்ணன் சக்கரவர்த்தி அவர்களுக்குத் தம்பி கோபால் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே அம்மாவும் நானும் ஆடுகளும் சுகம். ஜீப்புக்கு மட்டும்தான் சுகமில்லை.

‘நயினா போய் வருஷம் திரும்பிவிட்டது, அந்த ஓட்டை ஜீப்பை வந்த விலைக்குத் தள்ளிவிடு’ என்று நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அண்ணன் சொல்லை நான் என்றைக்கு மீறினேன்? மறுநாளே திருப்பத்தூர் மெக்கானிக் வடிவேலுவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, சாவு வீட்டில் பேசுவதுபோலத் தணிந்த குரலில் பேசினார். ரேடியேட்டர் ஒழுகுகிறதாம். ஓட்டையை அடைக்க நயினா போட்ட மஞ்சள்தூள் உள்ளே சேறாகக் கிடக்கிறதாம். பிரேக் நாலு மிதிக்கு ஒரு தடவை பிடிக்குமாம். “ரிப்பேர் பண்ணா ஆறாயிரம் சொல்லலாம், பண்ணலன்னா மூணாயிரம். ரிப்பேருக்கே நாலாயிரம் ஆவும்” என்றார். கணக்கில் நான் கொஞ்சம் மந்தம்தான், ஆனாலும் இது புரிந்தது. செத்த பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணா, இதை நன்றாக நினைவில் வையுங்கள். வண்டியில் பேட்டரி இல்லை, பெட்ரோலும் இல்லை.

மூவாயிரம் என்று சொல்லிவைத்தேன். முதலில் வந்தவர் ஸ்டியரிங்கைத் தொட்டதுமே “இன்னாப்பா, சூடா கீது” என்று கையை உதறிக்கொண்டு போய்விட்டார். வெயில் என்று சமாளித்தேன். வண்டி நின்றதோ பலாமரத்து நிழலில். அடுத்து நெல்லிவாசல்நாட்டு மாதையன் வந்தார். நயினாவோடு கடைசிவரை புளிமூட்டை ஏற்றியவர். “வெல கெடக்கட்டும், வண்டி ஒத்துக்கணுமே” என்று ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். சாமிக்கு விட்ட ஆட்டின் மேல் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்புகிறதா என்று காத்திருப்போமே, அதை ஜீப்புக்குச் செய்ய வேண்டுமாம்! நான் சிரித்தேன். “ஆட்டுக்கு நாலு காலு, இதுக்கு நாலு சக்கரம். இன்னா வித்தியாசம்?” என்றார். பானெட்டில் தெளித்து, “மாதையன் வூட்டுக்கு வர்றியா?” என்று கேட்டார். அசையவில்லை. ஒத்துக்கொள்ளாத வண்டி என்று இருநூறு குறைத்தார். மறுபடி தெளித்தார், மறுபடி குறைத்தார். மூன்றாம் தடவை இரண்டாயிரத்து நானூறுக்கு வந்ததும் எனக்கு வந்ததே கோபம்! சொம்பைப் பிடுங்கி மிச்சத் தண்ணீரை அப்படியே கவிழ்த்து, “நானா விக்கிறேன்? சக்கரவர்த்தி அண்ணன் விக்கச் சொன்னாரு!” என்று கத்திவிட்டேன்.

ஜீப் சிலுப்பிக்கொண்டது அண்ணா. முன்னாலிருந்து பின்பலகை வரைக்கும், நனைந்த ஆடு மாதிரியே. தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. மரத்தில் ஒரு இலை அசையவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். உள்ளே கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தோடு ஓடிவந்து, “யாரு, சக்கரவர்த்தியா வந்துட்டான்?” என்று கேட்டாள்.

அவளைச் சொல்லி என்ன? ஆறு வருஷத்துக்கு முன் நயினாவோடு சண்டை போட்டுப் போன நீங்கள், ‘வெள்ளிக்கிழமை வருகிறேன்’ என்று ஒரு கார்டு போட்டீர்கள். எந்த வெள்ளிக்கிழமை என்று போடவில்லை. அதனால் நயினா எல்லா வெள்ளிக்கிழமையும் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். பக்கத்து சீட்டில் துண்டை விரித்து வைத்திருப்பார், யாரையும் உட்கார விடமாட்டார். நீங்கள் வந்தது காரியத்துக்கு, அதுவும் டாக்சியில்.

போகட்டும். மாதையன் திருப்தியாகப் பணத்தைக் கொடுத்து, இரண்டு மாடுகளைப் பூட்டி வண்டியை இழுத்துப் போய்விட்டார். நான் பார்த்த வரைக்கும் அது திரும்பிப் பார்க்கவில்லை. ஆக, காரியம் நல்லபடி முடிந்தது. இனி அந்த ஜீப்பைப் பற்றி நாம் எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை. அண்ணிக்கு என் வணக்கம். குழந்தைகள் நோய்நொடியில்லாமல் இருக்க மலைச்சாமி துணை.

தங்கள் அன்புத் தம்பி,
கோபால்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். இன்று செவ்வாய்க்கிழமை. உச்சிவேளையில் கடிதத்தை ஒட்டப் பசை எடுக்க எழுந்தேன், பலாமரத்தடியில் ஜீப் நிற்கிறது. மாடுகள் இல்லை, கயிறு மட்டும் தொங்குகிறது. பானெட் கொதிக்கிறது, மஞ்சள் வாசனை வாசல்வரை அடிக்கிறது. முகம் திருப்பத்தூர் ரோட்டைப் பார்த்திருக்கிறது. பக்கத்து சீட்டில் நயினாவின் துண்டு விரித்திருக்கிறது. அதை அம்மா பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள், சாவி இன்னும் அவள் இடுப்பில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து மாதையன் மாடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தே வந்தார். “அது ஒத்துக்கினது எனக்கில்லப்பா, உங்கண்ணன் பேருக்கு” என்றார். பணத்தை ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அண்ணா, ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை வந்துவிடுங்கள். எந்த வெள்ளிக்கிழமை என்று எழுத வேண்டாம். டாக்சியும் பிடிக்க வேண்டாம். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி வந்துவிடும்.