பதூல் அத்தையின் நோன்புச் சந்தேகம்

மதிப்பிற்குரிய அக்கா இப்திசாமுக்கு,

மெக்னெஸிலிருந்து தங்கை வியாம் எழுதுவது. உன்மீதும் மச்சான்மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். இங்கு அப்பா நலம், நான் நலம். பதூல் அத்தையும் நலம் என்று எழுதச் சொல்கிறார், ஆகவே எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போன் கூடத்தில் இருக்கிறது, அப்பாவும் கூடத்தில்தான் இருக்கிறார், விஷயமோ பெண்கள் விஷயம்.

சென்ற வாரம் எனக்கு மாதவிலக்கு. நோன்பு இல்லை. அப்பா கண்ணில் படாமல் ஒரு வாய் ரொட்டி தின்னலாம் என்று மாவு மூட்டை வைக்கும் அறைக்குள் போனால், அங்கே அத்தை சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அவித்த முட்டை தின்றுகொண்டிருக்கிறார். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது, எல்லாம் நின்றுபோய் ஏழு வருஷம். நான் திகைத்து நிற்க, பாதி முட்டையை என்னிடம் நீட்டி, "எனக்கும் வந்திருக்குடி, கதவைச் சாத்து" என்றார். ரமலான் தொடங்கியதிலிருந்தே விட்டு விட்டு இரத்தம் படுகிறதாம். பழைய மாதவிலக்குதான் திரும்பி வந்திருக்கிறது என்று நோன்பையும் தொழுகையையும் நிறுத்திவிட்டு, தினமும் முட்டை அவித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

முழுதாக ஒரு வருஷம் நின்ற பிறகு ஒரு சொட்டுக் கறை பட்டாலும், வலியே இல்லாவிட்டாலும், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று நூலகத்தில் எடுத்த உடல்நலப் புத்தகத்தில் இருந்தது. வாசித்துக் காட்டினேன். அதை எழுதியவள் நோன்பு வைக்கிறவளா என்று கேட்டார். பிறகு ஹம்மாமில் குளிக்கப் போன இடத்தில், பக்கத்து வீட்டு யாம்னாவிடம் தானே உளறியிருக்கிறார். இளமை திரும்பும் என்று அத்தையைத் தினமும் வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னவளே யாம்னாதான், அந்த வெந்நீர் ஆவிக்குள்ளேயே குலவையிட்டுவிட்டாள். "வெந்தயம் வேலை செஞ்சிருச்சு பதூலு, இனி உனக்கு மாப்பிள்ளை பாக்கணும்" என்றாளாம். குளித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் எந்தக் கடை வெந்தயம் என்று விசாரித்தார்களாம். அன்றிலிருந்து அத்தை கண்ணுக்கு மை வேறு தீட்டிக்கொள்கிறார். கறைத் துணிகளை மட்டும் நான்தான் அலசுகிறேன், குனிந்தால் அவருக்குத் தலை சுற்றுகிறது. அதையும் வெந்தயத்தின் குணம் என்கிறார்.

கடைசியில், பள்ளிவாசலில் பெண்களுக்கு மார்க்கம் சொல்லித்தரும், எல்லோரும் மரியாதையாக லல்லா என்று அழைக்கும் நஸ்ஹாவிடம் அத்தையைக் கூட்டிப்போனேன். விட்ட நோன்புகளைப் பெருநாளுக்குப் பின் வைத்தால் போதும் என்ற வார்த்தையை வாங்கிக்கொள்ளத்தான் அத்தை வந்தார். நஸ்ஹா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இத்தனை வருஷம் கழிச்சு வர்றதை மாதவிலக்குன்னு நானா முடிவு பண்ண முடியாது, லல்லா பதூல். நோயால வர்ற ரத்தமா இருந்தா நீங்க தொழுகையை விட்டிருக்கவே கூடாது. எதுன்னு டாக்டர்தான் சொல்லணும். தள்ளிப்போடாம போங்க."

அத்தையின் முகம் வெளுத்தது. நோய் என்ற சொல்லால் அல்ல, தின்ற முட்டைகளால்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடியவர் அவர்தான். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்து, கருப்பையின் உட்புறத் தோல் தடித்திருக்கிறது என்று சொல்லி, அதில் சிறிது கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அத்தை படுத்தபடியே, "அதெல்லாம் இருக்கட்டும் டாக்டர், இது மாதவிலக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றார். இல்லை என்றார் டாக்டர். அத்தை அங்கேயே அழுதுவிட்டார். பாவம், டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது உடம்பு தேறும்வரை நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் கேளாமல், அத்தை தலைச்சுற்றலோடு நோன்பிருக்கிறார்.

சோதனை முடிவு பெருநாளுக்கு மறுநாள் வரும். சின்ன விஷயம்தான், இதற்காக நீ அகாதிரிலிருந்து பேருந்தில் இடுப்பொடிய வர வேண்டாம் என்று அத்தை எழுதச் சொல்கிறார். மச்சானுக்கு என் ஸலாம். உங்கள் வீட்டில் பரக்கத் பெருகட்டும்.

அன்புத் தங்கை,
வியாம்

பி.கு.: 'சின்ன விஷயம்' என்று டாக்டர் சொல்லவில்லை. அத்தை கேட்காமல் விட்டதை வெளியே வந்து நான் கேட்டேன். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும், ஆனால் புற்றுநோயாகவும் இருக்கலாம், அதனால்தான் முதல் கறையிலேயே வரச் சொல்கிறோம் என்றார். முடிவை வாங்க வரும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிவரச் சொன்னார். அப்பாவிடம் சொல்ல அத்தை விடமாட்டார். நான் ஒன்பதாம் வகுப்பு. வா அக்கா.