நடுநிலைச் சாவிக்கொத்து

"சாவியை யார்கிட்டயாவது குடுத்துத் தொலைங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி வாசல்ல நிக்கும்" என்றாள் செயலாளரின் மனைவி, மூட மறுத்த பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தபடி.

அந்த 'யார்கிட்டயாவது' என்பதில்தான் சிக்கல். எட்டு வீடுகள் கொண்ட கட்டடத்தில் சொந்தக்காரர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். மோட்டார் அறைச் சாவி சொந்தக்காரர் கையில்தான் இருக்க வேண்டும், சாவி வைத்திருப்பவரே செயலாளர் என்பது விதி. விதியை எழுதியவர் செயலாளர். ஆறு வருடங்களாக அவர்தான் செயலாளர்.

மிச்சம் இரண்டு சொந்தக்காரர்களும் முதல் மாடியில் எதிரெதிர் வீடு. வக்கீல் ஆளுங்கட்சி. பல் டாக்டர் எதிர்க்கட்சி. ஒருவர் கதவில் தலைவர் படம் ஒட்டினால் மற்றவர் அதைவிட ஒரு சாண் பெரிய படம் ஒட்டுவார். தேர்தலுக்கு இன்னும் பத்தே நாள்.

மகளுக்கு நேற்றுப் பெண் குழந்தை பிறந்திருந்தது. இந்த ஆறு வருடங்களில் செயலாளர் மகள் வீட்டுக்கு ஒரே முறை போயிருந்தார். அன்றைக்கும் தொட்டி வழிந்து படிக்கட்டில் அருவி கொட்டுகிறது என்று போன் வந்து, சாப்பாட்டின் நடுவில் எழுந்து ஓடி வந்தார்.

"இந்தத் தடவை கண்டிப்பா வர்றேன்."

"வரலேன்னாலும் பரவாயில்ல. தாத்தான்னு ஒரு போட்டோவக் காட்டி வளர்த்துக்கறோம்."

செயலாளர் இருபத்திரண்டு படிகள் இறங்கினார்.

வக்கீல் கதவைக் கால்வாசி திறந்தார். கைக்குள் கறுப்பாக எதையோ உருட்டிக்கொண்டிருந்தார்.

"செயலாளர் பதவியா? தாராளமா எடுத்துக்கறேன். ஆனா எதிர்வீட்டுப் பல்லு சம்மதிக்குமா?"

"நான் பேசறேன் சார்."

"பேசுங்க. இந்தக் கட்டடத்துல மரியாதையாப் பேசத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான்."

எதிர்வீடு நான்கு எட்டு தூரம். டாக்டரின் மேசையில் சதுரங்கப் பலகை விரித்திருந்தது. ஒரு கறுப்புச் சிப்பாயின் இடத்தில் மருந்துப் புட்டியின் மூடி நின்றது.

"தனியாவா ஆடறீங்க?"

"இங்க வேற யாரோட ஆடறது?" என்று பெருமூச்சு விட்டார் டாக்டர். "வக்கீல் கையில மோட்டாரா? அவங்க கட்சிக்காரன் வீட்டுக்கு மட்டும்தான் தண்ணி ஏறும்."

"தொட்டி ஒண்ணுதானே டாக்டர்?"

"தொட்டி ஒண்ணு. குழாய் எட்டு."

"அப்ப நீங்களே எடுத்துக்குங்க."

"தாராளமா. வக்கீல் சம்மதிச்சா."

வக்கீல் சம்மதிக்கவில்லை. மணி பதினொன்று.

செயலாளருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. ஒற்றைப்படைத் தேதிகளில் வக்கீல், இரட்டைப்படைத் தேதிகளில் டாக்டர். இருவருமே தலையாட்டினார்கள். அவர் மாடி ஏறிச் சட்டையை மடித்துப் பையில் வைப்பதற்குள் டாக்டர் நாட்காட்டியோடு வந்து நின்றார்.

"முப்பத்தொண்ணாந் தேதி அவரு. மறுநாள் ஒண்ணாந் தேதியும் அவரு. வருஷத்துல ஏழு தடவை அவருக்குத் தொடர்ந்து ரெண்டு நாள் ஆட்சி. லீப் வருஷம்னா எட்டு. இது ஜனநாயகமா?"

"முப்பத்தொண்ணாந் தேதி மட்டும் மேல் மாடித் தையல்காரம்மாகிட்ட குடுத்துடலாம்."

கீழேயிருந்து வக்கீலின் குரல் வந்தது: "விதி நாலு! வாடகைக்காரங்க சாவியத் தொடக் கூடாது! எழுதினது நீங்க!"

"சரி, அன்னிக்கு மோட்டாரே ஓட வேணாம்!" என்றார் செயலாளர், பொறுமை இழந்து.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. தையல்காரம்மா வாளியோடு இறங்கி வந்தாள்.

"ஏன் சார், முப்பத்தொண்ணாந் தேதி நாங்க குளிக்கக் கூடாதா?"

"நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டார் டாக்டர்.

"அழுக்குக் கட்சி! வருஷத்துல ஏழு நாளு!"

மூன்று மணிக்குள் வாடகைக்காரர்களும் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். அதுவரை ஒருவரையொருவர் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தவர்கள், படியில் எதிர்ப்பட்டால் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு நடந்தார்கள்.

அடுத்த வாரம் நடக்க வேண்டிய ஆண்டுக் கூட்டத்தைச் செயலாளர் அன்று ஐந்து மணிக்கே கூட்டினார். கார் நிறுத்துமிடத்தில் நாற்காலிகள். அவர் தோளில் ஊருக்குப் போகும் பை, கையில் அவசரமாக எழுதிய தாள்.

"நாடு எப்படி வேணா இருக்கட்டும். இங்க நாம நல்ல குடிமக்களா இருப்போம். இது நாகரிக உடன்படிக்கை. யார் யாரைக் கூப்பிட்டாலும் முன்னால 'மதிப்புக்குரிய'ன்னு சேர்த்துக்கணும்."

வக்கீலும் டாக்டரும் விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்கள்.

"மதிப்புக்குரிய தண்ணித் திருடரே!"

"மதிப்புக்குரிய பொய்மூட்டையே!"

"மதிப்புக்குரிய வாயை மூடும்!"

"மதிப்புக்குரிய பல்லைத் தட்டிடுவேன்!"

"தட்டும்! கட்டறது நான்தான்!"

வக்கீல் துள்ளிய துள்ளலில் நாற்காலி கவிழ்ந்தது. தையல்காரம்மாவின் வாளியும் எங்கிருந்தோ உருண்டு வந்தது. மணி ஐந்தே முக்கால். செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போது வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு விஷயத்துல மட்டும் எனக்கும் இந்த மதிப்புக்குரியவருக்கும் ஒத்துப்போகுது."

"சொல்லும்" என்றார் டாக்டர்.

"செயலாளர் இல்லேன்னா இங்க ரத்த ஆறு ஓடும்."

"சத்தியமான வார்த்தை. ஆறு வருஷத்துல இவரு யாருக்கு ஓட்டுப் போட்டாருன்னு எறும்புக்குக்கூடத் தெரியாது. குடிமகன்னா இவருதான்யா."

"நாடே ரெண்டாப் பொளந்து கிடக்கு. இந்தக் கட்டடம் நிக்குதுன்னா இந்த ஒரு மனுஷனால."

முதலில் யார் கைதட்டியது என்று தெரியவில்லை. பிறகு எல்லாரும் தட்டினார்கள். தையல்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. வக்கீலும் டாக்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் செயலாளர் வாயைத் திறந்தார். "நன்றி" என்று வந்தது.

வாசலில் வண்டி ஒலி எழுப்பியது.

மனைவி பெட்டியோடு இறங்கி வந்தாள். அவர் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். தோளில் தொங்கிய அவருடைய சின்னப் பையைக் கழற்றிப் படியில் வைத்தாள்.

"நம்மள விட்டா இங்க யாரு இருக்கா, சொல்லு. ரெண்டு பேரும் வெட்டிக்கிட்டுச் செத்தா?" என்றார் செயலாளர்.

"நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்பி வைங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. செயலாளர் படியில் உட்கார்ந்தார். மடித்து வைத்த சட்டை பையிலிருந்து எட்டிப் பார்த்தது. பிளந்து கிடக்கும் ஒரு நாட்டில் எட்டு வீடுகளையாவது ஒட்ட வைத்திருக்கிறோம், அதற்கு ஒரு விலை உண்டு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பேத்தி யார் ஜாடை என்று கேட்க மறந்தது நினைவுக்கு வந்தது.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த காவலாளி அருகில் வந்து உள்ளங்கையை விரித்தான். ஒரு கறுப்புச் சிப்பாய்.

"வக்கீல் சார் குதிக்கும்போது பையிலேருந்து விழுந்துச்சு சார்."

"வக்கீல் பையிலா? இது டாக்டர் வீட்டுப் பலகையோடதாச்சே?"

"ஆமா சார், நேத்து ஆட்டத்துல தோத்த கோபத்துல தூக்கிட்டு வந்துட்டாராம், இப்பக் குடுக்கலாம்னு போனா, 'அப்பாடா, இந்த வருஷமும் சாவி நம்ம தலையில விழலே'ன்னு ரெண்டு பேரும் தோள்ல கை போட்டுச் சிரிச்சுக்கிட்டே மாடியேறிட்டாங்க, நான் கூப்பிட்டது காதுலயே விழல."