பூவைக் கொட்டி மண்ணை வதக்கிய கதை

ஒரு தொழிலில் கை தேர்ந்தவனை வேறு தொழிலில் விடக்கூடாது. நான் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் பொன் அலசுகிறவனாக இருந்தேன். ஆலையில் இடித்த கல்மாவைத் தட்டில் தண்ணீர் விட்டுச் சுழற்ற வேண்டும். லேசானது மேலே வரும், கொட்டிவிட வேண்டும். கனமானது அடியில் தங்கும், அதுதான் பொன். (என்னிடம் ஒன்றும் தங்கவில்லை. வாசலில் கோவணம் வரை சோதனை.)

அந்த மாசியில் எங்கள் முதல் குழந்தை பிறந்து, ஒரு வாரம்கூட இருக்காமல் போய்விட்டது. என் மனைவி கன்னியம்மா அழவில்லை. சாப்பிடவும் இல்லை. எதிர்வீட்டு ராகேல் அக்கா கொண்டுவரும் கஞ்சி, ஏடு கட்டித் திரும்பிப் போகும்.

மசக்கையில் முருங்கைப்பூவும் முட்டையும் வேண்டுமென்று அவள் ஆசைப்பட்டிருந்தாள். அப்போது மரத்தில் இலைதான் இருந்தது. பங்குனியில் பூத்துக் கொட்டியது. அதையாவது தின்பாள் என்று நானே சமைக்கத் துணிந்தேன். (அதுவரை அடுப்புப் பக்கம் நான் போனது சுருட்டுப் பற்றவைக்க மட்டுமே.)

உதிர்ந்த பூவை மண்ணோடு வாரித் தட்டில் போட்டுச் சுழற்றினேன். பழகிய கை. மிதந்ததையெல்லாம் சாக்கடையில் சாய்த்தேன். அடியில் நின்றதை ஒரு துகள் சிந்தாமல் சட்டியில் வழித்து, வெங்காயத்தோடு வதக்கி, முட்டையை உடைத்து ஊற்றினேன். அளவு குறைந்திருந்தது. பூ வதங்கினால் சுருங்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் நான் கவலைப்படவில்லை.

கெஞ்சியதில் கன்னியம்மா ஒரு வாய் வைத்தாள். அதே சமயம் ராகேல் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா தம்பி, பூவெல்லாம் சாக்கடையில கெடக்குது. சட்டியில இன்னாத்த வதக்கின?"

"பூதான்க்கா."

"அப்ப கோழிங்க துன்றது இன்னா?"

கன்னியம்மாவின் பல்லில் நறநறத்தது எனக்கே கேட்டது.

"இன்னாங்க, மண்ணு," என்றாள். பிறகு மெதுவாக, "ஆசையா கேட்டப்பவும் பூ இல்ல. மரம் நெறைய பூத்தும் எனக்கு மண்ணுதானா?" என்றாள்.

அப்புறம் அழுதாள். அத்தனை நாளும் சேர்த்து.

நான் தட்டை வாங்கப் போனேன். ராகேல் அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ வெளியில போ தம்பி. அவ அழட்டும்."

சாயங்காலம் அக்கா வதக்கிக் கொடுத்த பூவில் கன்னியம்மா ஒரு கைப்பிடி தின்றாள்.

பின்னால் பிறந்த பிள்ளைகளுக்கு இன்று மீசை முளைத்துவிட்டது. கல்யாண வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், "எங்க வூட்டுக்காரரு பூவைக் கொட்டிட்டு மண்ணை வதக்குனவரு," என்று அவளே தொடங்குவாள். பொன் கிடைத்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் அன்றைக்கு ஏன் அடுப்படிக்குப் போனேன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுவிடப் போகிறார்களோ என்று, கதை முடியும் முன்பே அவள் உரக்கச் சிரித்துவிடுகிறாள். கூடவே நானும்.