சும்மா கிடந்த இரண்டு ஏக்கர்

பன்னிரண்டு மணிக்கு விவசாய அதிகாரி வந்து, நிலம் சும்மா கிடக்கிறதா என்று பார்ப்பார். இப்போது மணி பத்து. நிலத்தில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்குக் கதிர் பிடித்து நின்றது.

ஊரில் 'அவசரம்' என்று பெயரெடுத்த அந்த விவசாயி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீ விதைச்சியா?" என்று மனைவியைக் கேட்டார்.

"எனக்கு வேற வேலை இல்லையா?"

ஆளாளுக்கு மக்காச்சோளம் போட்டு விலை விழுந்துவிட்டதால், இந்த வருஷம் பயிர் வைக்காதவர்களுக்குத்தான் அரசாங்கம் மானியம் தந்தது. அவசரம் இரண்டு ஏக்கரை எழுதிக் கொடுத்திருந்தார். சும்மா இருக்கக் காசு வாங்கிவிட்டு நிலத்துப் பக்கம் போவது தப்பு என்று மூன்று மாதமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முதல் தவணையில் வீட்டுக்கு ஓடு மாற்றியாயிற்று.

"இருபது வருஷமா உரம் போட்டேன், களை எடுத்தேன். ஒரு தடவையாவது இப்படி விளைஞ்சுதா?"

"நீங்க கிட்டப் போகலை, அதான்."

அவசரம் எழுந்து ஓடினார். ஆட்டுக்காரரிடம் கெஞ்சி முப்பது ஆடுகளை வயலில் இறக்கினார். அவை சோளத்தை மோந்து பார்த்துவிட்டு, வரப்பைத் தாண்டி அடுத்த வயல் பட்டாணிக்குள் புகுந்தன.

"என் பட்டாணிக்கு என்ன பதில்?" என்று கம்போடு வந்தார் அடுத்த வயல்காரர்.

"அண்ணே, கத்தாதீங்க. பதிலுக்கு இந்தச் சோளம் பூரா உங்களுக்கு. பன்னிரண்டுக்குள்ள காலி பண்ணிடணும்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவர் அரிவாள் எடுக்க வீட்டுக்குப் போன வழியில் பால்காரரிடம் சொன்னார். பால்காரர் வாடிக்கைக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னார். அரை மணி நேரத்தில் சைக்கிளும் தள்ளுவண்டியுமாக நாற்பது பேர் வயலில் இறங்கிவிட்டார்கள்.

"சீக்கிரம், சீக்கிரம்," என்று அவசரமும் உற்சாகமாக மூட்டை தூக்கிவிட்டார். பிறகுதான் கவனித்தார். எல்லோரும் கதிரை மட்டும் ஒடித்துக்கொண்டிருந்தார்கள். தட்டை அப்படியே நின்றது.

அதற்குள் ஜீப் வந்துவிட்டது, அரை மணி முன்னதாக.

அதிகாரி இறங்கிக் கூட்டத்தைப் பார்த்தார். "அறுவடை அமோகமா நடக்குது போல?"

அவசரத்துக்கு வாய் முந்திக்கொண்டது. "ஐயா, இது என் நிலமே இல்லை."

"அப்ப யாருது?"

அவசரம் அடுத்த வயல்காரரைக் காட்டினார். அவர் தோள் மூட்டையை இறக்காமலே, "ஆமாங்க, என்னுதுதான். இந்த நாப்பது பேரும் சாட்சி," என்றார்.

"பத்திரத்தையும் எடுத்துட்டு வந்து அவருக்கே குடுத்துடவா?" என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

அதிகாரி ஃபைலைத் திறந்தார். "இதுல நிலம் உங்க பேர்லதான் இருக்கு. வாங்கின மானியத்தைத் திருப்பிக் கட்டிடுங்க."

"ஐயா, நான் ஒரு விதைகூடப் போடலை. தானா முளைச்சது."

"தானா முளைச்சது, கயிறு பிடிச்ச மாதிரி இவ்வளவு நேரா வரிசையில நிக்குமா?"

வயலையே பார்த்துக்கொண்டிருந்த ஜீப் டிரைவர் கூச்சத்தோடு சிரித்தார்.

"வரிசை என்னோடது சார். புது விதையைச் சோதிச்சுப் பார்க்க, சும்மா கிடக்கிற நிலமா ஒண்ணு பிடின்னு நீங்கதானே சொன்னீங்க?"