ஆறுக்குட்டி மாஷின் நெஞ்செரிச்சல்

பெண்டாட்டியை ஊருக்குத் திரும்ப வரவழைத்தே தீருவது என்று ஆறுக்குட்டி மாஷ் முடிவு கட்டினார். ஆனால் கெஞ்சாமல் வரவழைக்க வேண்டும். அதில்தான் கௌரவமே இருக்கிறது.

கேரள எல்லையோர வடகரப்பதியில் வாத்தியாருக்கு மாஷ் என்று பேர்; மாஷ் என்றால் அவர்தான். தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி நடத்தி நடத்தியே தலை நரைத்து, ஓய்வு பெற்று வீட்டோடு இருப்பவர். மனைவி சுப்பாத்தாள், மகள் அனுப்பிரியாவின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள பெங்களூர் போய் மாசக்கணக்காகிவிட்டது. தென்னைக்குத் தண்ணீர் விட ஆள் வேண்டுமென்று மாஷ் தங்கிவிட்டார். பஸ் ஏறும்போது அவள் கேட்கத்தான் செய்தாள்.

"ஏனுங்க, ஒத்தைல இருந்துக்குவீங்களா?"

"ஏன், எனக்குக் கை இல்லியா? ஆக்கித் தின்னுக்குவேன். நீ போ புள்ள."

கை இருந்தது. ஆக்கத்தான் வரவில்லை. மூன்று வேளையும் சந்துருவின் டீக்கடையில் பொறோட்டா. சாயங்காலம் பெங்களூரிலிருந்து போன் வந்தால் மட்டும், "இன்னைக்கு அரிசிம்பருப்புச் சோறு. நெய் ஊத்தித் தின்னேன். ஒரு கொறையும் இல்ல" என்று அளந்து விடுவார்.

குறை சோற்றில் இல்லை. பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். மத்தியானம் பேப்பரைச் சத்தம் போட்டுப் படிப்பார். படித்துவிட்டு, "கேட்டியா புள்ள?" என்பார். சமையலறையிலிருந்து "ம்" வராது. அந்த "ம்" எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று அது இருந்தவரை அவருக்குத் தெரியவில்லை. வாளையார்க் கணவாய்க் காற்று வந்து கதவை இடிக்கும். காற்றென்று தெரிந்தே, "ஆரது?" என்று கேட்பார். ஒரு நாளைக்கு ஒரு தரமாவது மனுஷக் குரல் வீட்டுக்குள் கேட்கட்டுமே என்றுதான்.

ஆக, ஒரு நோய் தேவைப்பட்டது. காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் கேட்பாள். கால்வலி என்றால் தைலம் தேய்க்கச் சொல்வாள். நெஞ்செரிச்சல்தான் வாகானது. வயிற்றுக்குள் இருக்கிற அமிலத்தைப் பெங்களூரிலிருந்து எட்டிப் பார்க்க எவளால் முடியும்?

அன்று சாயங்காலம் வீடியோ கால் வந்ததும் மாஷ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"சுப்பா, ஒரே எரிச்சல். ஆசிட்டு மேல ஏறுது. ஊட்ல பாத்துக்க ஆளில்ல பாரு."

"அடடா! மூணாவது தட்டுல நீல மூடி போட்ட டப்பா இருக்கும் பாருங்க. ஆப்பச் சோடா. ஒரு சிட்டிகை தண்ணியில போட்டுக் குடிங்க. நான் பாக்கற மாரி குடிங்க."

மாஷ் குடித்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏப்பம் வரலீங்களே?"

"ஏப்பம் எதுக்கு?"

"நம்மூட்டுல டியூசன் எடுக்கறப்ப நான் உள்ள வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டதுதானுங்க. ஆசிட்டும் சோடாவும் சேந்தா கேஸ் வரும்னு கத்துவீங்களே. மேல ஏறுற அளவுக்கு ஆசிட்டு இருந்தா ஏப்பம் பிச்சுக்கிட்டு வரோணுமல்லோ? உங்களுக்கு ஒன்னுமில்லீங்க. போய்ப் படுங்க."

போன் அணைந்தது. மாஷுக்கு ஒரு பக்கம் அவமானம், ஒரு பக்கம் பெருமை. எத்தனை பிள்ளைகளுக்குத் தொண்டை வற்றக் கத்தியிருப்பார்! அத்தனை பேரிலும் பாடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டது வெங்காயம் உரித்தவள்தான்.

ஆனால் வாத்தியாருக்கே பாடமா? ஒரு சிட்டிகை சோடாவில் வருகிற வாயு ஒரு கொசுவுக்குக்கூட ஏப்பம் தராது. அளவைக் கூட்ட வேண்டும். இரண்டு பக்கமும் கூட்ட வேண்டும். மறுநாள் மாஷ் கொல்லையில் இருந்த எலுமிச்சை மரத்தை உலுக்கினார். மடி நிறையப் பழம். போன் வருகிற நேரம் பார்த்து எல்லாவற்றையும் பிழிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தார். பல் கூசியது. காது கூசியது. உச்சி மயிர் வரைக்கும் கூசியது. நீல மூடி டப்பாவிலிருந்து இன்றைக்கு ஒரு கரண்டி எடுத்துக் கலக்கித் தயாராக வைத்துக்கொண்டார். போன் அடித்தது.

"இன்னைக்கும் எரியுது புள்ள. நீ நம்ப மாட்டே. இந்தா, உன் கண்ணு முன்னாலயே குடிக்கறேன்."

குடித்தார். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அடிவயிற்றில் இடி இறங்கினாற்போல் ஒரு உருட்டல். அது மார்பேறி, தொண்டையேறி, வாய் வழியே புறப்பட்டது பாருங்கள் ஒரு ஏப்பம்! வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த எருமை நிமிர்ந்து பார்த்தது. பெங்களூரில் பேத்தி கைதட்டிச் சிரித்தாள். மாஷும் கண்ணில் நீர் வழியச் சிரித்தார். அந்த வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

"பாத்தியா? ஆசிட்டு இருக்குதா இல்லியா? இப்ப என்ன சொல்றே?"

"இருந்துச்சுங்க. ஒத்துக்கறேன்."

"அப்ப எப்ப வர்றே?"

"நான் எதுக்குங்க வரோணும்? ஆசிட்டும் சோடாவும் சேந்தா ரண்டும் அத்துப் போயிரும், உப்பும் தண்ணியுந்தான் மிஞ்சும்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க? ஏப்பம் வந்துருச்சல்லோ. நோவு போயிருச்சு."

நோய் இருப்பதற்கு மாஷ் காட்டிய சாட்சியே நோய் தீர்ந்ததற்கும் சாட்சியாகிவிட்டது. கரும்பலகையில் அந்தச் சமன்பாட்டைக் காலமெல்லாம் எழுதிய கைதான் சோடாவையும் கலக்கியது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை.

காற்று கதவை இடித்தது. இந்தத் தரம் அவர் "ஆரது" என்று கேட்கவில்லை.

"சுப்பா," என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. "எரிச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஊடு வெறிச்சுன்னு கெடக்குது. நீ இல்லாம இருக்க முடியல."

அந்தப் பக்கம் சுப்பாத்தாள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"இத முந்தாநேத்துச் சொல்லியிருந்தீங்கன்னா நேத்து பஸ் ஏறியிருப்பனுங்க. அனு ஆபீசுக்குப் போகோணும், பங்குனி வரைக்கும் இரும்மான்னா. எங்கூட்டுக்காரரு நல்லா ஆக்கித் தின்னுக்கறாரு, ஒரு கொறையும் இல்லன்னு சொல்லி, நேத்துத்தானுங்க சரின்னு வாக்குக் குடுத்தேன். உங்க வாயில இருந்து வந்ததுதானுங்க எல்லாம்."

"பங்குனியா?"

"பங்குனிதானுங்க. தெனமும் ரண்டு தரம் போன் பண்றேன். பேப்பரு படிங்க, நான் 'ம்' போடறேன். போதுமுங்களா?"

மாஷ் தலையை ஆட்டினார். சுப்பாத்தாள் எப்போதும்போல வேலை சொல்ல ஆரம்பித்தாள்.

"அப்பறம், உங்களுக்குப் பின்னால மேசை மேல எலுமிச்சந்தோலு குவிஞ்சு கெடக்குது பாருங்க. நேத்து அது இல்ல. வீசிப்போடாதீங்க. ஜாடில உப்புப் போட்டு வைங்க. நான் வர்றப்ப ஊறுகாய்க்கு ஆகும்."

திருட்டு வெளிப்பட்டும் அவள் கோபப்படாததில் மாஷுக்கு உயிர் வந்தது. உடனே கீழ்ப்படிந்துவிட வேண்டும் போலிருந்தது. போனைக் கையில் பிடித்தபடியே சமையலறைக்குள் ஓடினார். தோலை ஜாடியில் அள்ளிப் போட்டார். ஒரு டப்பாவைத் திறந்தார், ரவை. இன்னொன்று, கடுகு. இன்னொன்று, ஏதோ மாவு.

"ஏம்புள்ள, உப்பு எந்த டப்பாவுல இருக்குது?"

"அப்ப இத்தன நாளா அரிசிம்பருப்பு ஆரு ஆக்குனதுங்க?"