மாதிரிக் கை

இரண்டரை வயதுக் குழந்தைகள் பென்சிலைத் தவறாகப் பிடிப்பதால் நாட்டுக்கு ஏற்படும் நட்டத்தை இனியும் பொறுத்துக்கொள்வதற்கில்லை என்று எழுதுகோல் பிடிப்புத் துறை முடிவெடுத்தது. பிடிப்புச் சான்றிதழ் இல்லாத குழந்தையை எந்த மழலையர் பள்ளியிலும் சேர்க்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. குழந்தைகள் யாரும் அதைப் படிக்கவில்லை. பெற்றோர்கள் படித்துவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸின் கண்டக்டரம்மாவும் படித்தாள். அவள் வீட்டுக்காரர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். விடியற்காலை வேலையை முடித்துக்கொண்டு வந்து, பகலெல்லாம் அவர்தான் மகளைப் பார்த்துக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து அவருக்கும் பகல் வேலை. திங்கட்கிழமைக்குள் வாண்டுக்குப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் இரண்டு பேரில் ஒருவர் வேலையை விட வேண்டும். அந்த ஒருவர் யார் என்று வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே கண்டக்டரம்மாவுக்குப் புரிந்திருந்தது. பதினொரு வருடம் ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவள் அவள். அந்த வேலையை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

மாடி வீட்டுக்காரி முந்திக்கொண்டுவிட்டாள். தன் மகனைப் பிடிப்புப் பயிற்சி வகுப்பில் சேர்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"எங்க பையன் இப்ப ஆள்காட்டி விரலை மேல தூக்கிட்டான். அதுதான் இப்ப புது முறையாம்" என்றாள்.

"விரல் மேல போயிட்டா பென்சிலை எது பிடிக்கும்?"

"அதெல்லாம் அடுத்த பருவத்துல சொல்லித் தருவாங்க. அவசரப்படக் கூடாது."

வெள்ளிக்கிழமை கண்டக்டரம்மா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, யூனிபாரத்தோடு வாண்டை இடுப்பில் தூக்கிக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போனாள். பெஞ்சுகள் நிறையப் பெற்றோர்கள். ஒவ்வொரு மடியிலும் ஒரு குழந்தை. ஒவ்வொரு குழந்தையின் ஆள்காட்டி விரலையும் ஒரு பெரியவர் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். கூரையில் ஏதோ இருக்கிறது போலும் என்று கண்டக்டரம்மாவும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். மின்விசிறிதான் இருந்தது.

அலுவலர் முன்னால் இருந்த மேஜையில் வாண்டை உட்கார வைத்தார்கள். பென்சிலைக் கொடுத்தார்கள். வாண்டு அதை வாயில் வைத்தது.

"வாய்ப் பிடிப்பு" என்றார் அலுவலர் கவலையோடு. "இது அட்டவணையிலேயே இல்ல."

கண்டக்டரம்மா பென்சிலைப் பிடுங்கித் துடைத்து மறுபடி கொடுத்தாள். வாண்டு இந்தத் தடவை ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்து, தோளிலிருந்து கையை வீசி, கோப்பின் மேல் ஒரு பெரிய வட்டம் போட்டது.

"முஷ்டிப் பிடிப்பு. தகுதியில்லை."

"ரெண்டரை வயசுல எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான சார் பிடிக்கும்? கை வலுவாச்சுன்னா விரல் தானா எறங்கி வரும். நாம எல்லாம் அப்படித்தான பழகினோம்?"

அலுவலர் நாற்காலியில் சாய்ந்தார். "தானா வருமா? தானா வர்றதா இருந்தா இவ்வளவு பெரிய துறை எதுக்கும்மா? நாலு மாடி கட்டி வச்சிருக்கோம்!"

நாலு மாடியை எதிர்த்து என்ன பேசுவது? கண்டக்டரம்மா வாண்டின் கையிலிருந்து பென்சிலை வாங்கி மேஜையில் வைத்தாள். "அப்ப எப்படித்தான் சார் பிடிக்கணும்?"

அலுவலர் எழுந்து நின்று, மூலையிலிருந்த கண்ணாடிப் பெட்டியை மரியாதையோடு காட்டினார். உள்ளே வெல்வெட்டுத் துணியில் ஒரு சுண்ணாம்புக் கை. அதுதான் மாதிரிக் கை. பென்சில் அதன் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே செருகியிருந்தது. ஆள்காட்டி விரல் கூரையைப் பார்த்து விறைப்பாக நின்றது. அதன் அடியில் பசை வழிந்து காய்ந்திருந்தது.

கண்டக்டரம்மா பக்கத்தில் நின்ற கடைநிலை ஊழியரிடம் குனிந்து, "அண்ணே, இது ஒடஞ்சு ஒட்டினது மாதிரி இருக்கே?" என்று கேட்டாள்.

"தூசி தட்டும்போது கீழ விழுந்துடுச்சும்மா" என்றார் அவர் கிசுகிசுப்பாக. "விரல் தனியா, பென்சில் தனியா போச்சு. நான்தான் தோதுப்பட்ட எடத்துல ஒட்டி வச்சேன். மறுநாளே மேலிடத்துலேருந்து வந்து அளவெடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நீங்க சொல்லலையா?"

"சொன்னேனே. மாதிரிக் கை தப்பா இருக்க விதியில இடமில்லைன்னு எழுத்து மூலமா பதில் வந்துச்சு."

அலுவலர் தொண்டையைக் கனைத்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். குழந்தை தவறாகப் பிடித்தால் பெற்றவரின் பிடிப்பையும் பதிவு செய்ய வேண்டும். குறைபாடு பரம்பரையானதா என்று துறை அறிந்துகொள்ள விரும்பியது. "உங்க பேனாவாலயே நிரப்பலாம்."

கண்டக்டரம்மா காது மேலிருந்த பேனாவை எடுத்தாள். மற்றவர்கள் பேனா பிடிப்பதுபோல் அவள் பிடிப்பதில்லை. கட்டைவிரல் டிக்கெட் கிழிக்க வேண்டும், ஆள்காட்டி விரல் பயணிகளின் தலைகளை எண்ண வேண்டும், அதனால் பேனாவுக்கு மிஞ்சியது நடுவிரலும் மோதிர விரலும்தான். பதினொரு வருடப் பழக்கம். நடுவிரலுக்கு அப்பால் பேனாவைச் செருகி, ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு, அவள் முதல் கட்டத்தை நிரப்பினாள்.

நாற்காலி தடாலென்று பின்னால் நகர்ந்தது. "அசையாதீங்கம்மா! அப்படியே இருங்க!"

அலுவலர் கோணமானியோடு ஓடி வந்தார். அவள் கையை அளந்தார். பெட்டியிலிருந்த கையை அளந்தார். திரும்பி வந்து மறுபடி அவள் கையை அளந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்ல. என் சர்வீஸ்ல இப்படி ஒரு கையை நான் பாத்ததில்ல. எனக்கே வரலம்மா. அதனாலதான் நான் கையெழுத்தே போடறதில்ல, முத்திரையோட நிறுத்திக்கிறேன். யாரு சொல்லிக்கொடுத்தாங்க?"

இது பஸ் பழக்கம், அங்கே இருப்பது உடைந்த கை என்று சொல்லத்தான் கண்டக்டரம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் அலுவலர் முத்திரையை மையில் ஒற்றி வாண்டின் விண்ணப்பத்துக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு சாண் உயரத்தில் அவள் வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

"சின்ன வயசுலேருந்தே இப்படித்தான் சார்" என்றாள்.

முத்திரை விழுந்தது. தாயின் கை விதிப்படி இருப்பதால் மகளின் கையும் காலப்போக்கில் விதிப்படி ஆகும் என்று கருதி, ஓராண்டுக்குத் தற்காலிகச் சான்றிதழ் வழங்கப்பட்டது.

வாண்டு பள்ளியில் சேர்ந்தது. கண்டக்டரம்மா பஸ்ஸுக்குத் திரும்பினாள். ஆனால் துறை அவளைச் சும்மா விடவில்லை. பழைய சுண்ணாம்புக் கையை எடுத்துவிட்டு அவள் கையையே அச்செடுத்துப் பெட்டியில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி வகுப்பு நடத்தச் சொல்லி ஆணை வந்தது. கோட் போட்ட கனவான்கள்கூட ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். எழுத்து யாருக்கும் புரியவில்லை. படித்தவர்களின் எழுத்து அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மாடி வீட்டுக்காரி வாசலில் பார்க்கும்போதெல்லாம் "டீச்சர்" என்று எழுந்து நின்றாள். முதலில் கண்டக்டரம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு, மாடி வீட்டுக்காரி ஒரு நாள் எழுந்து நிற்க மறந்தபோது அவளுக்குக் கோபம் வந்தது.

ஒரு வருடம் ஓடியது. சான்றிதழைப் புதுப்பிக்க இரண்டு நாள் இருந்தது. வேலையிலிருந்து வந்த கண்டக்டரம்மா, வாண்டு தரையில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். பஸ் படம். சக்கரம் வட்டமாக இருந்தது. ஜன்னல்கள் வரிசையாக இருந்தன. படிக்கட்டில் யூனிபாரம் போட்ட ஒரு பெண் நின்றாள். வாண்டு நாக்கைத் துருத்திக்கொண்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க, நடுவிரல் தாங்க, மூன்றே விரலில் பென்சிலைப் பிடித்திருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை.

"பாத்தியா, தானாவே வந்துடுச்சு!" என்றார் வீட்டுக்காரர் பெருமையாக.

கண்டக்டரம்மாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. மகளை அள்ளி முத்தம் கொடுக்கத்தான் அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அந்த மூன்று விரல்கள்தான் கண்ணில் பட்டன.

"ஐயோ, வெள்ளிக்கிழமை ஆபீசர் முன்னால இப்படிப் பிடிச்சா என்ன ஆகும்?" என்றவள், மகளின் ஆள்காட்டி விரலைப் பிரித்து நிமிர்த்தி, பென்சிலை நடுவிரலுக்கு அந்தப் பக்கம் செருகினாள்.

"ஏம்மா?" என்றது வாண்டு.

"அப்படித்தான் பிடிக்கணும். பெட்டியில அம்மா கை இருக்கு பாரு, அது மாதிரி."

வாண்டு அடுத்த சக்கரத்தை வரைந்தது. அது நசுங்கிப்போய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

"இப்பதான் சரியா இருக்கு" என்றாள் கண்டக்டரம்மா.